பஞ்சு என்று பெயர் வைத்தோம்

வாங்கும்போது வெள்ளை.
நான் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியில்
கதவைத் திறந்ததும் தரையோடு வருமே ஒரு புகை,
அதற்கு நாலு கால் முளைத்தது போல
பரமக்குடியிலிருந்து பழக்கூடையில் வந்தது.
பொமரேனியன் என்றான் விற்றவன்.
பஞ்சு என்றாள் ஜெசிந்தா.

மூன்றாம் வயதில், ஆனியில்,
பின்தொடையில் ஆரம்பித்தது.
கச்சான் காற்று என்று நினைத்தோம்.
மண்டபத்தில் எது கெட்டாலும்
காற்றின் மேல்தான் முதல் வழக்கு.
பிறகு தண்ணீர் மேல். பிறகு சூடைமீன் தலை மேல்.
கார்த்திகைக்குள் கழுத்துக்குக் கீழே
ஒன்றுமில்லை.
முகத்தில் மட்டும் பழைய வெள்ளை,
நடுவில் கறுத்த தோல்,
கரையேற்றித் தார் பூசிய வள்ளம்.

கடலில் முக்கி எடு என்றார் வின்ச் அருள்தாஸ்.
எஞ்சினில் வடித்த கழிவு ஆயில் தடவச் சொன்னார்கள் ஜெட்டியில்.
மாட்டேன் என்றதற்கு
"ரொம்பப் படிச்சவுகளாக்கும்."
பக்கத்து வீட்டு மரியசெல்வி
சொறிநாய் என்று ஒரு நாளும் சொன்னதில்லை,
தன் பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிட்டுக்கொள்வாள்.

ராமநாதபுரம் கால்நடை ஆஸ்பத்திரி.
ஆடு, ஆடு, சினை பிடிக்காத ஒரு மாடு, பிறகு நாங்கள்.
தோலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் பார்த்தார் டாக்டர்.
பூச்சி இல்லை. பூஞ்சை இல்லை. ரத்தமும் எழுதிப் பார்த்தாயிற்று.
"பரம்பரையில வர்றது. ஒட்டாது. அரிக்காது, வலிக்காது.
பாக்குறவுகளுக்குத்தான் வியாதி.
குணமாகும்னு சொல்ல மாட்டேன். சமாளிக்கலாம்."

எங்கப்பா தலை முப்பதில் காலியானது.
என்னுடையது முப்பத்திரண்டில்.
எங்களைக் கண்டு யாரும்
பிள்ளையை உள்ளே கூப்பிட்டதில்லை.

சமாளிப்பது என்றால்,
வாரம் ஒரு குளியல், நல்ல தண்ணீரில்.
நல்ல தண்ணீர் இங்கே தள்ளுவண்டியில் வரும்,
குடம் பன்னிரண்டு ரூபாய், மூன்று குடம்.
ஷாம்பு பத்து நிமிடம் ஊற வேண்டும்.
அதுவரை என்னை ஒரு பார்வை பார்க்கும்,
வட்டிக்காரன்கூட அப்படிப் பார்த்ததில்லை.
ஈரம் முழுதும் காய்வதற்குள் களிம்பு.
ராத்திரி வாழைப்பழத்துக்குள் மாத்திரை;
பழத்தைத் தின்று மாத்திரையைத் தரையில் வைக்கும்,
பத்திரமாக.
சித்திரை வெயிலில் தோல் வெந்துவிடும் என்று
என் கட்டம்போட்ட லுங்கியைக் கிழித்து
ஜெசிந்தா சட்டை தைத்தாள், வாலுக்கு வழி விட்டு.
தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்க
ஒரே துணி உடுத்திய இரண்டு பேர்
காலி ஜெட்டியில் நடந்தோம்.

வேதாளையிலிருந்து ஒருவர் வந்தார்.
வீட்டில் பெட்டை இருக்கிறதாம், குட்டியில் ஒன்று எனக்காம்.
"முடி போனா என்னங்க, ரத்தம் நல்ல ரத்தம்தான?"
ரத்தத்தில்தான் இருக்கிறது என்றேன்.
டீ குடித்துவிட்டுப் போனார்.

ஆடியில் கருத்தடை ஆபரேஷனுக்குப் போனோம்.
சிலதுக்கு அதில் ரோமம் திரும்புமாம், சிலதுக்கு இல்லையாம்.
வரிசையில் முன்னால் ஒரு துண்டுச்சுருள் அசைந்தது.
உள்ளே அதே வெள்ளை முகம், அதே தார் முதுகு.
உச்சிப்புளி ரயில்வே கேட் திரவியம்.
எங்கே வாங்கினீர்கள் என்று இருவரும் சேர்ந்தே கேட்டோம்.
அதே பரமக்குடி. அதே பழக்கூடை.
மல்லி என்று வைத்திருந்தார்கள்.
ஒரு வயிற்றில் கிடந்த ஞாபகம் எதுவும் இல்லாமல்
இரண்டும் உறுமிக்கொண்டன.
நாங்கள்தான் சம்பந்தி வீட்டார் போல
நம்பர் வாங்கிக்கொண்டோம்.

மார்கழியில் இடது இடுப்பில்
நகத்தளவு ஒரு வெண்மை.
முதலில் உப்பென்று துடைத்தேன். போகவில்லை.
அன்றைக்கே திரவியம் போன் செய்தார்:
"இங்கன ஒண்ணுமில்ல. அங்கிட்டு?"
காற்று சத்தமாக இருக்கிறது, கேட்கவில்லை என்றேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன்.
"வந்துச்சா" என்று சிரித்தார், "அவன் வந்தா இவளும் வருவா."
திரும்ப உதிரலாம் என்று டாக்டர் சொன்னதை
நான் சொல்லவில்லை.
வாசலில் தள்ளுவண்டி மணி.
மூன்று குடத்தை வரிசையாக வைத்தேன்.
பஞ்சு கட்டிலுக்கு அடியில் போயிற்று.